வகுப்பே தூங்கும்போது ஆன்லைன் கோர்ஸை முடிப்பது எப்படி?

புதுக்கோட்டை மாவட்டக் கல்லூரிகளில் ஸ்வயம் என்ற இணையப் படிப்புத் தளத்தில் என்பிடெல் பாடம் எடுப்பவர்களுக்கு இந்த நிலைமை பழக்கமானதுதான். கிரெடிட் கிடைக்குமே என்று பலர் பெயர் கொடுப்பார்கள். வீடியோவைத் திறப்பவர்கள் சிலர்தான். மற்றவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் இருப்பார்கள். அவர்களைத் திருத்தக் கிளம்பாதீர்கள், நேரம் போகும்.

முதலில் மதிப்பெண் கணக்கைப் பாருங்கள். வாராந்தர அசைன்மென்ட்டுகளுக்கு 25, மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75. 8 வாரப் பாடத்தில் சிறந்த 6 அசைன்மென்ட்டுகளையும், 12 வாரப் பாடத்தில் சிறந்த 8-ஐயும் எடுத்துக்கொள்வார்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் 25-க்கு 10-ம், 75-க்கு 30-ம் தனித்தனியாக எடுக்க வேண்டும். குழு மதிப்பெண் என்பதே இல்லை. ஆகவே அடுத்தவர் படிக்காததால் உங்களுக்கு எரிச்சல் வரலாம், மார்க் குறையாது.

மார்க் குறைவது வேறு வழியில். அசைன்மென்ட்டின் கடைசி நேரம் பெரும்பாலும் புதன்கிழமை நள்ளிரவு. அதுவரை பேச்சு மூச்சில்லாத குரூப் அன்று இரவு பத்து மணிக்கு விழித்துக்கொள்ளும். "மச்சி, வீக் 4 ஆன்சர் இருக்கா?" ஒரு ஸ்கிரீன்ஷாட் வரும், யாரும் சரிபார்க்க மாட்டார்கள். மூன்றாவது கேள்விக்கு ஒருவன் தப்பாக 'பி' போட்டிருந்தால் குரூப் முழுக்க 'பி'. இப்படி 25-க்கு 22 வாங்கியவர்கள் தேர்வு ஹாலில் 30-க்குத் திண்டாடுவார்கள். எனவே திங்கட்கிழமையே சமர்ப்பித்துவிடுங்கள். புதன் இரவு குரூப்பை மியூட்டில் போடுங்கள். யாராவது கேட்டால் விடையை அனுப்பாமல், அது எந்த லெக்சரில் வருகிறது என்று மட்டும் சொல்லுங்கள். கோபித்துக்கொள்வார்கள்தான். கேட்டுவிட்டு நிஜமாகவே அந்த லெக்சரைப் பார்க்கிறவர் உங்கள் ஆள்.

அந்த ஒருவரைக் கண்டுபிடிக்க இன்னொரு வழியும் உண்டு. பாடத்தில் சேர்வது இலவசம், தேர்வுக்குத்தான் பணம் கட்ட வேண்டும். கட்டியவர் யார் என்று விசாரியுங்கள். கிடைத்தவருடன் வாரம் ஒரு மாலை, ஒரே இடம், ஒரே நேரம் என்று முடிவு செய்யுங்கள். 1990-களின் தொடக்கத்தில் இதே மாவட்டத்தில் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் நடந்தபோது, பகலெல்லாம் உழைத்த பெண்கள் கூடி உட்கார்ந்துதான் எழுத்துப் படித்தார்கள். கூடவே சைக்கிளும் பழகினார்கள். தனியாக என்றால் எத்தனை பேர் வந்திருப்பார்கள்?

சந்தேகத்தைக் குரூப்பில் கேட்டால் தம்ஸ்-அப்தான் வரும். பாடத்தின் கலந்துரையாடல் பகுதியில் வாரம், லெக்சர் எண், வீடியோவின் நிமிடம் எல்லாம் குறிப்பிட்டு எழுதுங்கள். பாட உதவியாளர்கள் பதில் சொல்ல அது வசதி. ஆங்கிலம் வேகமாக ஓடினால் அந்தப் பாடத்துக்குத் தமிழ் எழுத்து வடிவம் இருக்கிறதா என்று என்பிடெல் தளத்தில் தேடுங்கள், பல பாடங்களுக்கு உண்டு.

கல்லூரியே குழு செமினார் வைத்தால் மட்டும் கொஞ்சம் கறாராக இருங்கள். ஒவ்வொரு ஸ்லைடிலும் செய்தவர் பெயர் இருக்கட்டும். வராத பகுதியைப் பற்றி ஆசிரியரிடம் இரண்டு நாள் முன்பே சொல்லிவிடுங்கள். அன்று காலை சொன்னால் அது புகார் ஆகிவிடும்.

தேர்வுக்கு விண்ணப்பிக்கும்போது நகர விருப்பத்தை நீங்களும் கூடப் படிக்கிறவரும் ஒரே மாதிரி கொடுங்கள். காலை அமர்வு என்றால் அறந்தாங்கி, பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து இருட்டோடு பஸ் ஏற வேண்டியிருக்கும். ஹால் டிக்கெட்டை அச்செடுத்து, அசல் அடையாள அட்டையோடு முந்தின இரவே பையில் வைத்துவிடுங்கள்.