கடைமடை கண்ட இசை

மாணவர்களே! கல்லணைக் கால்வாயின் நீர் கடைமடையாகிய பேராவூரணி வயல்களை அடைய வேண்டுமாயின், இடையிலுள்ள வாய்க்கால்கள் தூர்ந்துபோதல் கூடாது. கலையும் அத்தகையதே. ஆசிரியரிடமிருந்து மாணவர்க்குப் பாயும் வழி அடைபடின், அது வறண்டுபோகும்.

அவ்வழியைக் கடலுக்கு அப்பாலும் அமைத்தது அமெரிக்க நாட்டு வெஸ்லியன் பல்கலைக்கழகம். கருநாடக இசையை ஏட்டுப் படிப்பாக மட்டும் வையாது, வீணை தனம்மாளின் பெயரரும் மிருதங்க வித்துவானுமாகிய ரங்கநாதனை அது 1963ஆம் ஆண்டில் ஆசிரியராக அமர்த்தியது.

அங்குப் பயின்ற ஜான் ஹிக்கின்ஸ், கல்வி நல்கை பெற்றுச் சென்னைக்கு வந்தார். ரங்கநாதனின் தம்பியாரும் புல்லாங்குழல் வித்துவானுமாகிய விசுவநாதனிடம் வாய்ப்பாட்டுக் கற்றார். ஆங்கிலம் பேசி வளர்ந்த அவர், நம் மொழிகளின் ஒலிகளையும் திருத்தமுறப் பழகினார். திருவையாற்றுத் தியாகராசர் ஆராதனையிலும் பாடினார். இசையன்பர்கள் அவரை ‘ஹிக்கின்ஸ் பாகவதர்’ என்றே அழைத்தனர்.

கற்றதை அவர் தம்மளவில் வைத்துக்கொண்டாரல்லர். 1971ஆம் ஆண்டில், மிருதங்க மேதை திருச்சி சங்கரனுடன் கூடி, கனடாவின் யார்க் பல்கலைக்கழகத்தில் கருநாடக இசைக் கல்வியைத் தொடங்கினார். 1984இல் சாலை விபத்தொன்றில் தம் 45ஆம் வயதில் மறைந்தார். அவர் மறைந்த பின்னும் சங்கரன் அங்குப் பல்லாண்டுகள் கற்பித்து வந்தார்.

இசை பிறப்பால் வருவதன்று. ஆசிரியரை அடைந்து அயராது பழகுவோர்க்கே அது வாய்க்கும். அவ்விசைக்குத் தஞ்சை மண் தலைமடை. கடல் கடந்த கடைமடை நீர் பெற்றுச் செழித்திருக்க, தலைமடையில் வாழும் நாம் வறண்டிருத்தல் தகுமோ?