கதிர் சிகிச்சையில் டோஸ் அளக்கும் விதம்: ஒரு கருவியியல் மாணவனின் குறிப்பு

(இரண்டாமாண்டு, கருவியியல் மற்றும் கட்டுப்பாட்டுத் துறை)



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டபோது கவிதை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். நம் மலரில் கவிதைக்குப் பஞ்சமே இல்லை என்பதால் அந்த எண்ணத்தைக் கைவிட்டேன். அதற்குப் பதிலாக, நான் கண்ணால் பார்த்த ஒரு விஷயத்தை எழுதுகிறேன். புற்றுநோய்க்குக் "கரண்ட் வைக்கிறது" என்று நம் ஊர்ப்பக்கம் சொல்வோமே, அந்தக் கதிர்வீச்சு சிகிச்சை பற்றியது இது. அதில் கரண்டு உடம்பில் பாய்வதில்லை. பாய்வது எக்ஸ் கதிர். எவ்வளவு பாய்ந்தது என்று அளக்கிற வேலை முழுக்க முழுக்க நம் துறை வேலை. இது எனக்கே இந்த வருஷம்தான் தெரியும்.

என் அப்பத்தாவுக்குக் கன்னத்தின் உட்புறம் புண் வந்தது. நாற்பது வருஷமாகப் போட்ட வெத்திலை பொகையிலை. ஆபரேஷன் முடிந்த பிறகு 30 நாள் கதிர் சிகிச்சை என்றார்கள். ஒரு நாளுக்கு 2 கிரே வீதம் மொத்தம் 60 கிரே. எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் நான்தான் என்பதால், கோடை விடுமுறை முழுக்க அப்பத்தாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனது நான். கார்டைக் காட்டுவது, டோக்கன் வாங்குவது, ஆங்கிலத்தில் எழுதியிருப்பதைப் படித்துச் சொல்வது எல்லாம் என் பொறுப்பு.

கிரே என்றால் என்ன? ஒரு கிலோ பொருளுக்குள் ஒரு ஜூல் ஆற்றல் இறங்கினால் அது ஒரு கிரே. கேட்பதற்குப் பெரிதாக இருக்கிறதா? ஒரு கிரே கதிர் தண்ணீரில் இறங்கினால் அதன் வெப்பநிலை 0.00024 டிகிரி சென்டிகிரேடுதான் உயரும். ஒரு வாய் டீ குடித்தால் ஏறும் சூட்டுக்குப் பக்கத்தில்கூட வராது. ஆனால் அதே கதிர் செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வை உடைத்துவிடும். ஆகவே தெர்மாமீட்டரை வைத்து அன்றாடம் டோஸ் பார்க்க முடியாது. நோயாளிக்கும் ஒன்றும் தெரியாது. சூடு இல்லை, வலி இல்லை, சத்தம் மட்டும்தான். கூடினாலும் குறைந்தாலும் அந்த நேரத்தில் யாருக்கும் தெரியாது என்பதுதான் இதில் உள்ள பயங்கரம்.

பதினொன்றாவது நாளோ பன்னிரண்டாவது நாளோ நடந்தது இது. காலை 8 மணிக்கு ஆரம்பிக்க வேண்டிய சிகிச்சை 9 ஆகியும் ஆரம்பிக்கவில்லை. 10 ஆயிற்று. பெஞ்சில் முப்பது பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொருவரும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். "மிஷினு நல்லா ஓடிக்கிட்டுத்தானே இருக்கு, வச்சு விட வேண்டியதுதானே" என்று முதலில் சத்தம் போட்டது யார் என்று கேட்கிறீர்களா? அடியேன்தான். உள்ளேயிருந்து ஒரு மேடம் வெளியே வந்து, "அளவு சரியா வரலைங்க. சரியாகாம யாருக்கும் வைக்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். 11.30க்கு மேல்தான் ஆரம்பித்தார்கள். அவர் டாக்டர் என்று நினைத்திருந்தேன். இல்லை, மருத்துவ இயற்பியலாளர், மெடிக்கல் பிசிசிஸ்ட். அப்படி ஒரு வேலை இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

சாயங்காலம் மன்னிப்புக் கேட்கப் போனேன். "என்ன தம்பி படிக்கிற?" என்றார். இன்ஸ்ட்ருமென்டேஷன் டிப்ளமோ என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "அப்ப உனக்கு இது புரியணுமே, வா" என்று கன்ட்ரோல் அறைக்குக் கூட்டிப் போய்க் காட்டினார்.

அவர் காட்டியதில் முக்கியமானது அயனி அறை, அதாவது அயனைசேஷன் சேம்பர். நம் விரல் தடிமன்கூட இல்லாத ஒரு குழாய். உள்ளே 0.6 கன சென்டிமீட்டர் காற்று, எடை ஒரு மில்லிகிராமுக்கும் குறைவு. நடுவில் ஓர் எலெக்ட்ரோடு, முந்நூறு நானூறு வோல்ட் கொடுத்திருக்கும். கதிர் பாய்ந்தால் காற்று அயனிகளாகப் பிரியும். ஒரு ஜோடி பிரிய சராசரியாக 34 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் செலவாகும். அந்த மின்னூட்டத்தை எலெக்ட்ரோமீட்டர் சேர்த்து எண்ணிக் காட்டும். 1 கிரே டோஸுக்குக் கிடைப்பது ஏறக்குறைய 20 நானோகூலும் மட்டுமே. நம் லேப் மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தும் நண்பர்கள் கவனிக்கவும்! இந்த அளவில் கேபிளை ஆட்டினாலே ரீடிங் ஓடும். அதனால் கதிர் போடுவதற்கு முன் ஜீரோ பார்க்க வேண்டும், லீக்கேஜ் பார்க்க வேண்டும்.

இதைக் கேட்டதும் எனக்கு அப்பத்தாவின் தராசுதான் ஞாபகம் வந்தது. அப்பத்தா வாரச் சந்தையில் காய் விற்பவள். எடை போடுவதற்கு முன் வெறுந்தட்டோடு ஒருமுறை தூக்கி முள் நடுவில் நிற்கிறதா என்று பார்ப்பாள். எடைக்கல்லை வருஷா வருஷம் கொண்டுபோய் முத்திரை போட்டு வருவாள். ஆஸ்பத்திரியின் சேம்பருக்கும் முத்திரை உண்டு! மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் உள்ள தர அளவீட்டுக் கூடத்துக்கு அனுப்பி, "உன் சேம்பர் ஒரு நானோகூலும் காட்டினால் இவ்வளவு டோஸ்" என்று சான்றிதழ் வாங்க வேண்டும். அந்தக் கூடத்தின் அளவும் சர்வதேச அளவோடு ஒப்பிடப்பட்டது. சந்தையில் கிடக்கும் எடைக்கல்லுக்குப் பின்னால் ஒரு மூலக்கல் எங்கோ இருக்கிறதல்லவா, அதைப் போல.

சரி, அன்று காலை நடந்தது என்ன? அது மாதாந்திர அளவீட்டு நாள். மனித உடம்பில் பெரும்பங்கு தண்ணீர் என்பதால் தண்ணீர்த் தொட்டியைத்தான் மனிதனாகப் பாவிக்கிறார்கள். பாண்டம் என்று பெயர். தண்ணீருக்குள் 10 செ.மீ. ஆழத்தில் சேம்பரை வைத்து, 10க்கு 10 செ.மீ. அளவில் கதிரைத் திறந்து, 100 எம்.யு. போட வேண்டும். எம்.யு. என்பது மானிட்டர் யூனிட், அதாவது இயந்திரம் தனக்குத் தானே எண்ணிக்கொள்ளும் கணக்கு. இயந்திரத்தின் தலைக்குள்ளேயே இரண்டு சேம்பர்கள் இருக்கின்றன. ஒன்று எண்ணி முடித்ததும் கதிரை நிறுத்தும். அது தவறினால் இரண்டாவது நிறுத்தும். அதுவும் தவறினால் டைமர் நிறுத்தும். நம் பிராசஸ் கன்ட்ரோல் பாடத்தில் இன்டர்லாக் என்று இரண்டு மார்க் கேள்வியாகப் படிப்போமே, அதுதான். ஆனால் தலைக்குள் இருப்பது சரியாக எண்ணுகிறதா என்று வெளியிலிருந்து ஒருவர் பார்க்கத்தானே வேண்டும்?

பார்த்தார்கள். ரீடிங் 3 சதவீதம் குறைவாக வந்தது. மாதாந்திர அளவீட்டில் 2 சதவீதம்வரைதான் அனுமதி. மறுபடி போட்டார்கள், அதே 3. கேபிளை மாற்றினார்கள், அதே 3. இயந்திரம் குறைவாகக் கொடுக்கிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். அப்படி முடிவு செய்து இயந்திரத்தை 3 சதவீதம் கூட்டி வைத்திருந்தால்?

மேடம் அப்படிச் செய்யவில்லை. தெர்மாமீட்டரை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் வைத்துப் பார்த்தார். 31 டிகிரி. ஏ.சி. ஓடிய அறையின் வெப்பநிலை 22. முதல் நாளே நிரப்பி வைக்க வேண்டிய தண்ணீர், தொட்டியில் கசிவு வந்ததால் அன்று காலைதான் மாடி டேங்கிலிருந்து பிடித்து ஊற்றப்பட்டிருக்கிறது. மே மாதத்து மாடி டேங்க்! கணக்கில் போட்டதோ அறையின் 22.

சேம்பர் மூடிய டப்பா இல்லை. வெளிக்காற்றோடு தொடர்புள்ள சிறு துளை அதற்கு உண்டு. காற்று சூடானால் விரிந்து வெளியே போய்விடும். உள்ளே இருக்கும் காற்றின் நிறை குறையும், அயனியும் குறையும். முதலாண்டு இயற்பியலில் படித்த வாயு விதிதான். அதற்காக ரீடிங்கை ஒரு திருத்தக் காரணியால் பெருக்க வேண்டும். 20 டிகிரியை அடிப்படையாக வைத்தால், வெப்பநிலையோடு 273.2 கூட்டி 293.2ஆல் வகுக்க வேண்டும். 22க்கு 1.007 வருகிறது. 31க்கு 1.037க்கு மேல் வருகிறது. நீங்களே போட்டுப் பாருங்கள், வித்தியாசம் அந்த 3 சதவீதம்தான்! இயந்திரம் ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது. சரியான வெப்பநிலையைப் போட்டதும் அரை சதவீதத்துக்குள் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் வேறொரு சேம்பரை வைத்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நோயாளிகளைக் கூப்பிட்டிருக்கிறார்.

காற்றழுத்தத்துக்கும் இதே மாதிரி திருத்தம் உண்டு. அதில் ஒரு பொறி இருக்கிறது. வானிலைச் செய்தியிலும் செல்போனிலும் காட்டும் அழுத்தம் பெரும்பாலும் கடல்மட்டத்துக்கு மாற்றிச் சொல்லப்பட்டது. கோயம்புத்தூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 400 மீட்டர் உயரம். அங்கே ஒருவர் அந்த எண்ணை அப்படியே கணக்கில் போட்டால் கிட்டத்தட்ட 5 சதவீதம் தவறும். பாரோமீட்டரை அறையிலேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

"மூணு சதவீதம்தானே மேடம், அதுக்கு இவ்வளவா?" என்று கேட்டேன். நம் லேபில் 3 சதவீதப் பிழை வந்தால் பார்ட்டி வைப்போம்! அவர் சொன்ன பதில்: நோயாளிக்குப் போய்ச் சேரும் டோஸில் எல்லாப் பிழையும் சேர்ந்தே 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. படுக்க வைப்பதில் கொஞ்சம், பிளானில் கொஞ்சம், இயந்திரத்தில் கொஞ்சம் என்று எல்லோரும் அந்த 5ஐத்தான் பங்கு போடுகிறார்கள். குறைந்தால் கட்டி திரும்பி வரும். கூடினால் பக்கத்தில் உள்ள நல்ல உறுப்பு கெடும். அப்பத்தாவின் கன்னத்துக்குப் பின்னால் கழுத்தில் தண்டுவடம் போகிறது. அது 45, 50 கிரேவுக்கு மேல் தாங்காது.

பிழை கவனிக்கப்படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் சாட்சிகள் இருக்கின்றன. 1996ஆம் ஆண்டு கோஸ்டாரிக்கா நாட்டின் சான் ஹோசே நகரில் கோபால்ட் இயந்திரத்துக்குப் புது மூலம் மாற்றினார்கள். அளவிட்டபோது டைமரில் 0.3 நிமிடம். 0.3 நிமிடம் என்றால் 18 வினாடி. அதை 30 வினாடி என்று எடுத்துக்கொண்டார்கள். 18 வினாடியில் வந்த டோஸை 30ஆல் வகுத்தால், மூலம் பலவீனமானது என்று தப்பாகத் தெரியும். உடனே சிகிச்சை நேரத்தைக் கூட்டுவார்கள். அப்படித்தான் நடந்தது. 115 நோயாளிகளுக்குக் குறித்ததைவிட 50 சதவீதத்துக்கும் மேல் அதிகமாகப் போய்விட்டது. பலர் அதனாலேயே இறந்தார்கள். யூனிட் கன்வர்ஷனில் அரை மார்க் போனதற்கு ஆசிரியரிடம் சண்டை போட்டவன் நான். இதைக் கேட்டபோது எனக்கு வாய் வரவில்லை.

இங்கிலாந்தின் எக்ஸிடர் நகரில் 1988இல் இதே போல் புது மூலத்தின் அளவீட்டில் தவறி, 207 பேருக்கு 25 சதவீதம் கூடுதலாகப் போயிருக்கிறது. 1985 முதல் 1987 வரை தெரக்-25 என்ற இயந்திரத்தில் சாப்ட்வேர் கோளாறால் ஆறு பேர் பாதிக்கப்பட்டது தனிக்கதை. அதைக் கம்ப்யூட்டர் துறை நண்பர்கள் யாராவது அடுத்த மலரில் எழுதலாம்.

என்னை மிகவும் உறுத்தியது அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் 1974 முதல் 1976 வரை நடந்தது. கோபால்ட்-60இன் அரை ஆயுள் 5.27 வருஷம், மாதத்துக்கு ஏறக்குறைய 1 சதவீதம் குறைந்துகொண்டே போகும். 22 மாதத்தில் உண்மையில் குறைய வேண்டியது சுமார் 21 சதவீதம். அங்கே இருந்தவர் கிராப் ஷீட்டில் தவறாக ஒரு கோடு போட்டு, அதையே நீட்டி நீட்டி டோஸ் வேகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். கோடு உண்மையைவிட வேகமாகக் கீழே இறங்கியது. மூலம் பலவீனமாகிவிட்டது என்று கோடு சொன்னதால் நேரத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். 10 சதவீதத்தில் தொடங்கிய மிகை 40 சதவீதத்தையும் தாண்டியது. 426 நோயாளிகள். அந்த 22 மாதமும் ஒருமுறைகூடச் சேம்பரை வைத்து அளக்கவில்லை.

ஏன் உறுத்தியது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். தெர்மோகப்பிள் சோதனையில் என் பேட்ச் 60 டிகிரி வரைதான் ரீடிங் எடுத்தோம். ஹீட்டர் சூடாக நேரமாயிற்று, கேண்டீனில் போண்டா தீர்ந்துவிடும் என்ற அவசரம். மீதிப் புள்ளிகளை ஸ்கேல் வைத்துக் கோட்டை நீட்டி, கோட்டிலிருந்து டேபிளுக்கு எழுதினோம். ரெக்கார்டுக்குப் பத்துக்கு ஒன்பது. "ரீடிங் அடிக்கிறது" என்ற சொல்லுக்கு அர்த்தம் தெரியாத ஒருவர்கூட நம் கல்லூரியில் இருக்க மாட்டார். மேடத்திடம் இதைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

வெளியிலிருந்து சரிபார்க்கும் ஏற்பாடும் இருக்கிறது. சர்வதேச அணுசக்தி முகமையும் உலக சுகாதார நிறுவனமும் 1969 முதல் தபாலிலேயே டோஸ் தணிக்கை நடத்துகின்றன. ஆரம்பத்தில் லித்தியம் புளோரைடு பொடி அடைத்த சிறு குப்பிகள். இப்போது கண்ணாடி டோசிமீட்டர்கள். ஆஸ்பத்திரிக்காரர்கள் தண்ணீரில் வைத்து 2 கிரே போட்டு, போட்டதாக நினைப்பதை எழுதித் திருப்பி அனுப்ப வேண்டும். அங்கே வேறு ஆட்கள் அளந்து, எழுதியதும் வந்ததும் 5 சதவீதத்துக்குள் ஒத்துப் போகிறதா என்று பார்ப்பார்கள். நம் நாட்டில் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி இல்லாமல் இப்படிப்பட்ட இயந்திரத்தை ஓட்டவே முடியாது.

முப்பதாவது நாள் கார்டில் முப்பது கட்டமும் நிரம்பியது. பஸ்ஸில் வரும்போது அப்பத்தா கார்டை என் கையில் கொடுத்து, "மொத்தம் எம்புட்டு வச்சிருக்காக, படி" என்றாள். தொண்டை புண்ணாகி இருந்ததால் குரல் சரியாக வரவில்லை. "அறுபது, அப்பத்தா."

"சரியா இருக்குமாடா?"

"முள்ளு பாத்துட்டுத்தான் போட்டாக அப்பத்தா. நானே பாத்தேன்."

அப்பத்தா தலையை ஆட்டிவிட்டுக் கார்டை வாங்கிச் சுருக்குப் பைக்குள் வைத்துக்கொண்டாள். இப்போதும் கஞ்சிதான் குடிக்கிறாள். மாதம் ஒருமுறை செக்கப்புக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அடுத்தது செமஸ்டர் பரீட்சைக்கு மறுநாள்.