முதுமையும் ஓட்டமும்

மடுவில் குதித்து மணல் அள்ளிக் காட்டிய இளமையை எண்ணி, கோலூன்றிய முதியவராய் இரங்குகிறார் தொடித்தலை விழுத்தண்டினார் (புறநானூறு 243). நம்மவருள் பலரோ நாற்பதிலேயே அக்கோலை மனத்தளவில் ஏந்திவிடுகின்றனர்.

நபிகள் நாயகம் (ஸல்) பயணமொன்றில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் பந்தயம் ஓடிய செய்தி அபூதாவூதில் உள்ளது. அன்று அன்னையார் முந்தினார். பின்னொரு முறை நாயகம் முந்தினார்கள். அப்போது அவர்களுக்கு அகவை ஐம்பதைக் கடந்திருந்ததை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

கடவுச்சீட்டின்படி 1911இல் பஞ்சாபில் பிறந்த ஃபவ்ஜா சிங், 1994இல் மகனை விபத்தில் பறிகொடுத்தார். அத்துயரை ஆற்றவே பின்னர் இலண்டனில் ஓடத் தொடங்கினார். முதல் மாரத்தான் 2000இல், 89ஆம் அகவையில். 2003இல் டொராண்டோவில் 42.195 கிலோமீட்டரை 5 மணி 40 நிமிடத்தில் கடந்தார். 2011இல், நூறு வயதினராய், எட்டு மணி நேரத்திற்குச் சற்று மேல். பிறப்புச் சான்றிதழ் இல்லாமையால் கின்னஸ் நூல் அதனை ஏற்கவில்லை. சான்றிதழற்ற மூத்தோர் நம் பழனிமலைச் சிற்றூர்களிலும் உளரன்றோ! ஓட்டம் ஓட்டமே. 2025 ஜூலையில் சாலையில் வண்டி மோதி அவர் மறைந்தார்.

உடலின் உயிர்வளி ஏற்குந்திறன் முப்பதுக்குப்பின் பத்தாண்டுக்கு ஏறத்தாழப் பத்து விழுக்காடு குறையும்; இடையறாப் பயிற்சி அச்சரிவைத் தணிக்கும். கோடைக்கானல் 2100 மீட்டர் உயரத்தது. காற்றழுத்தம் கடல்மட்டத்தினும் ஐந்தில் ஒரு பங்குக்குமேல் குறைவு. ஆதலின் கீழிருந்து வருவோர்க்கு மூச்சிரைக்கும். ஏரியைச் சுற்றிய ஏறத்தாழ 5 கிலோமீட்டர் சாலையை முதலில் நடந்தே பழகுக. பிறகு பேச்சுத் தடைப்படாத அளவில் ஓடுக. நீரிழிவு, இதயநோய் உடையோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்கல் வேண்டும். ஃபஜ்ர் தொழுது வெளிவரும் வேளையில் ஏரிச்சாலையில் வண்டிகளும் மிகுதியாய் இரா.