சம்மன் சார்வு

வழக்கென்பது இருவர் கூற்றையுங் கேட்டு முடிவு செய்யப்படுவது. ஆதலின், பிரதிவாதிக்குச் சம்மன் சார்வு செய்தல் வெறுஞ் சடங்கன்று. அதுவே நீதிமன்றத்தின் தலைவாயில் என்க. இதனை அமெரிக்க வழக்கொன்றால் விளக்குவாம்.

ஒரிகான் மாநிலத்தில் மிச்செல் என்னும் வழக்கறிஞர், தமக்கு வரவேண்டிய 300 டாலருக்குட்பட்ட ஊதியத்திற்காக நெஃப் என்பார்மீது வழக்குத் தொடுத்தார். நெஃப் அம்மாநிலத்தில் இல்லாமையின், செய்தித்தாள் விளம்பரமே சார்வாகக் கொள்ளப்பட்டது. அவர் வாராதொழியவே, 1866-இல் ஒருதலைத் தீர்ப்பாயிற்று. அவருடைய நிலமும் ஏலம்போய், முடிவிற் பெனாயர் என்பவரிடஞ் சேர்ந்தது. நெஃப் அதனை மீட்க வழக்கிட்டார். அயல் மாநிலத்தாரை விளம்பரத்தால் மட்டும் அழைத்துப் பெற்ற அத்தகைய பணத்தீர்ப்புச் செல்லாதென 1878-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் விதித்தது; நிலம் நெஃபுக்கே உரியதாயிற்று. முகவரி தெரிந்தவர்க்கு விளம்பரம் போதாதென்பதை 1950-இல் முல்லேன் வழக்கில் அம்மன்றமே வலியுறுத்தியது.

இனி, நியூயார்க் மாநிலத்தின் விதிகளை நோக்குவாம். வழக்கிற் கட்சியல்லாதவரும் 18 வயது நிரம்பியவருமாகிய எவரும் சார்வு செய்யலாம். நேரிற் கொடுத்தல் முதல் வழி. வீட்டிலேனும் தொழிலிடத்திலேனும் தக்க வயதும் அறிவுமுடைய ஒருவரிடங் கொடுத்து, அஞ்சலிலும் ஒரு படி விடுத்தல் மற்றொரு வழி. தக்கவாறு முயன்றும் இவ்விரண்டும் இயலாதவிடத்தே, கதவில் ஒட்டி அஞ்சலிலும் விடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமையிற் சார்வு செய்தலாகாது.

கதவில் ஒட்டுதல் எளிதாயினும் அது பின்வைக்கப்பட்டமையை நோக்குக. வாதியின் வசதியினும் பிரதிவாதியின் செவிக்கே சட்டம் முதலிடந் தந்தது. தன்மீது வழக்குண்டென்பதை அறியாதான் எங்ஙனம் விடை பகர்வான்?