கணக்கு ஏறிய கம்ப்யூட்டரை நாமே பராமரிப்போம்



சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் தவணை என்று நம் குழுக்களின் வரவு செலவெல்லாம் ஒரு காலத்தில் பேரேட்டில் மட்டும் இருந்தது. இப்போது பல கூட்டமைப்புகளில் அது கம்ப்யூட்டரிலும் ஏறிவிட்டது. பேரேட்டைக் கரையான் அரிக்காமல், மழையில் நனையாமல் காப்பாற்ற நமக்குத் தெரியும். கம்ப்யூட்டரை மட்டும் துணி போட்டு மூடினால் போதுமா? போதாது. "உள்ளே இருப்பதெல்லாம் நமக்கு எங்கே புரியப் போகுது?" என்று தயங்க வேண்டாம். தையல் மிஷினுக்கு எண்ணெய் விடத் தெரிந்த நமக்கு இதுவும் வரும்.

ஒன்றை மனதில் வைத்துக்கொள்வோம். கம்ப்யூட்டர் கெட்டால் வேறு வாங்கலாம். கணக்கு அழிந்துபோனால் யார் எவ்வளவு கட்டினார், யாருக்கு எவ்வளவு பாக்கி என்று குழுவுக்குள்ளேயே மனஸ்தாபம் வரும். அதனால் கணக்கைக் காப்பதுதான் முதல் பராமரிப்பு.

விண்டோஸ் 10, 11 உள்ள கம்ப்யூட்டரில் நாம் செய்ய வேண்டியது நான்கு வேலைகள். இவற்றுக்குத் தேவையான சாப்ட்வேர் உள்ளேயே இருக்கிறது. தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

1. நகல் எடுப்பது

வாரம் ஒரு முறை, கணக்கு ஏற்றி முடித்த அன்றே, பென் டிரைவில் ஒரு நகல் எடுக்கணும். எடுத்ததும் பென் டிரைவைக் கழற்றிப் பெட்டியில் வைத்துப் பூட்டணும். செருகியபடியே விட்டால், வைரஸ் வரும்போது நகலும் சேர்ந்து போய்விடும். மாதம் ஒரு முறை அந்த நகல் திறக்கிறதா என்றும் பார்க்கணும். திறக்காத நகல் இருந்தும் பயனில்லை.

2. குப்பை அள்ளுவது

செட்டிங்ஸ், அதில் சிஸ்டம், அதில் ஸ்டோரேஜ், அதில் டெம்பரரி ஃபைல்ஸ் என்று வரிசையாகப் போகணும். கம்ப்யூட்டர் தன் வேலைக்காகச் சேர்த்து வைத்த பழைய கோப்புகளின் பட்டியல் வரும். வேண்டாதவற்றை டிக் செய்து அழித்தால் இடம் கிடைக்கும். இடம் நெருக்கடியாக இருந்த மிஷின் கொஞ்சம் வேகமாகும். ஆனால் ஒரு எச்சரிக்கை: 'டவுன்லோட்ஸ்' என்பதை டிக் செய்யாதீர்கள். வங்கியிலிருந்து இறக்கிய ஸ்டேட்மெண்ட் அதில்தான் இருக்கும். 'ரீசைக்கிள் பின்' என்பதையும் திறந்து பார்த்த பிறகே காலி செய்யணும்.

3. வைரஸ் பரிசோதனை

'விண்டோஸ் செக்யூரிட்டி' என்பது கம்ப்யூட்டரோடு வரும் காவலாளி. வாரம் ஒரு முறை 'குயிக் ஸ்கேன்', மாதம் ஒரு முறை 'ஃபுல் ஸ்கேன்' கொடுக்கணும். வெளியிலிருந்து வரும் எந்தப் பென் டிரைவையும் ஸ்கேன் செய்யாமல் திறக்கக் கூடாது. போட்டோ ஸ்டூடியோவுக்கோ ஜெராக்ஸ் கடைக்கோ போய்வந்த நம்முடைய பென் டிரைவுக்கும் இதே விதிதான்.

4. அப்டேட்

2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற வைரஸ் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் அதிகமான கம்ப்யூட்டர்களில் பரவியது. கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு, திறக்கப் பணம் கேட்டது. அந்த வைரஸ் நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாப்ட் அதே ஆண்டு மார்ச்சிலேயே கொடுத்திருந்தது. அதைப் போட்டுக்கொண்ட கம்ப்யூட்டர்களுக்குள் அந்த ஓட்டை வழியாக நுழைய முடியவில்லை. ஆகவே 'அப்டேட்' என்று கேட்டால் தள்ளிப் போடாமல், வேலை முடிந்த நேரத்தில் போட்டுவிடணும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. உங்கள் கம்ப்யூட்டர் விண்டோஸ் 11 ஏற்கிறதா என்று விவரம் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

இலவசம் என்றால் நல்லதா?

"உங்கள் கம்ப்யூட்டர் மெதுவாக இருக்கிறது, இலவசமாகச் சுத்தம் செய்கிறோம்" என்று திரையில் விளம்பரம் வரும். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். கம்ப்யூட்டர் விஷயத்தில் பார்த்தே ஆகணும். 'சிகிளீனர்' என்பது உலகமெங்கும் பெயர் பெற்ற துப்புரவு சாப்ட்வேர். 2017-ல் அதன் ஒரு பதிப்பிலேயே திருடர்கள் கெட்ட நிரலை நுழைத்துவிட்டார்கள். சுமார் 22 லட்சம் பேர் அந்தப் பதிப்பை வைத்திருந்தார்கள். பெயர் பெற்றதற்கே அந்தக் கதி என்றால், பெயர் தெரியாததை என்ன சொல்வது?

"வைரஸ் வந்துவிட்டது, உடனே இந்த எண்ணுக்குப் போன் செய்யுங்கள்" என்று திரை மிரட்டினால் போன் செய்யாதீர்கள். மைக்ரோசாப்டின் உண்மையான எச்சரிக்கையில் போன் நம்பர் இருக்காது. ஓடிபி, ஏடிஎம் ரகசிய எண் எதையும் யாருக்கும் சொல்லக் கூடாது. பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லணும்.

குழுக் கூட்டத்தில் பேசுவோம்

• இந்த நான்கு வேலைக்கும் பொறுப்பு யார்? ஒருவர் ஊருக்குப் போனாலும் வேலை நிற்காமல் இருக்க இரண்டு பேரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள்.

• கடைசியாக நகல் எடுத்த தேதி என்ன? ஒரு நோட்டில் தேதி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.

• பென் டிரைவ் யார் கையில், எந்தப் பெட்டியில் இருக்கிறது?

கணக்கு நம் உழைப்பு. அதன் பாதுகாப்பும் நம் கையில்தான்.