மூச்சைக் கவனிப்போம், பொறுமையாகக் கதைப்போம்

ஊருக்குத் திரும்பிய பின் எல்லாம் சரியாகிவிடும் என்றுதான் நாம் எல்லோரும் எண்ணியிருந்தோம். ஆனால் திரும்பி வந்த முதல் மாதங்களில்தான் சில வீடுகளில் சண்டை சச்சரவு கூடுகிறது. இதற்காக வெட்கப்படத் தேவையில்லை. இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதும் அல்ல.

வலிகாமம் வடக்கை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து 1990இல் வெளியேறிய மக்களில் பலர் 25 ஆண்டுகளுக்கு மேல் முகாம்களிலும் உறவினர் வளவுகளிலும் வாழ்ந்தார்கள். மயிலிட்டித் துறைமுகம் 2017இல்தான் விடுவிக்கப்பட்டது. பெற்றோருக்கு அது பிறந்த மண். பிள்ளைகளுக்கோ பெயர் மட்டும் தெரிந்த இடம். தகப்பன், "தம்பி, பற்றை வெட்ட வா" என்று கூப்பிடுகிறார். மகன், "தண்ணியும் இல்லை, கரண்டும் இல்லை, இங்கை என்ன கிடக்கு?" என்கிறான். தகப்பனுக்குச் சினம் ஏறுகிறது. அன்றிரவு அந்தக் கொட்டிலில் ஒருவரும் ஒருவரோடும் கதைப்பதில்லை.

ஏன் இவ்வளவு விரைவாகக் கோபம் வருகிறது?

ஆபத்து வரும்போது நம் உடல் தன்னைத் தயார்படுத்துகிறது. இதயம் வேகமாக அடிக்கும். மூச்சு மேலோட்டமாகும். தோளும் தாடையும் இறுகும். ஷெல் விழுந்த நாட்களில் இந்தத் தயார்நிலை நம் உயிரைக் காத்தது. நீண்ட காலம் பயத்தோடு வாழ்ந்த உடல், ஆபத்து போன பின்னும் அதே நிலையில் நிற்கக்கூடும். அப்போது கதவு அடிபடும் சத்தமும் பிள்ளையின் எதிர்ப்பேச்சும்கூட ஆபத்துப் போலவே தோன்றும். யோசிக்கும் முன் வாய் கத்திவிடும், சில வேளை கையும் ஓங்கிவிடும்.

மூச்சை மெதுவாக வெளியே விடும்போது இதயத்துடிப்பு தணிகிறது, தசைகள் தளர்கின்றன. தியானப் பயிற்சி இங்கிருந்துதான் தொடங்குகிறது. இது நமக்குப் புதிதல்ல. போர்க் காலத்தில் வடக்கில் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற உளவைத்தியர்கள், மூச்சுப் பயிற்சியையும் ஜெபத்தையும் தசைத் தளர்வுப் பயிற்சியையும் உளவளத்துணையில் சேர்த்துக்கொண்டார்கள்.

செய்யும் முறை

1. காலையிலோ மாலையிலோ ஒரே நேரத்தைத் தெரிவுசெய்யுங்கள். கிணற்றடிக்குப் போகுமுன் அல்லது விளக்கு வைத்த பின் 10 நிமிடம் போதும்.

2. பாயிலோ கதிரையிலோ நிமிர்ந்து இருங்கள். பாதம் நிலத்தில் படட்டும். கண்ணை மூடப் பயமாக இருந்தால் திறந்தே வைத்திருங்கள்.

3. மூக்கால் மூச்சை எடுங்கள். எடுத்ததைவிட மெதுவாக வெளியே விடுங்கள். இடையில் அடக்கி வைக்க வேண்டாம்.

4. மூச்சு விடும்போது உங்களுக்கு ஆறுதல் தரும் ஒரு சொல்லை மனதுக்குள் சொல்லுங்கள். சைவர்கள் "ஓம்" என்றும், கிறிஸ்தவர்கள் "இயேசுவே" என்றும், முஸ்லிம்கள் "சுப்ஹானல்லாஹ்" என்றும் சொல்லலாம். விரும்பாதவர்கள் ஒன்றிலிருந்து பத்து வரை எண்ணலாம்.

5. மனம் அலையும். வீட்டுத்திட்டம், கடன், காணாமல் போனவர் என்று எங்கெங்கோ போகும். அதற்காக உங்களைக் குறை சொல்ல வேண்டாம். மறுபடி மூச்சுக்கு வாருங்கள். அப்படித் திரும்பி வருவதும் பயிற்சியின் ஒரு பகுதிதான்.

வீட்டில் என்ன மாறும்?

கோபம் வராமல் போகாது. ஆனால் அது ஏறத் தொடங்கும்போதே உங்களுக்குத் தெரியவரும். கை இறுகுகிறது, குரல் உயர்கிறது என்று உணர்ந்தவுடன் மூன்று முறை மெதுவாக மூச்சு விடுங்கள். பிறகு கதையுங்கள். அந்தத் தகப்பன் அப்படி நின்றிருந்தால், "உனக்கு இங்கை எது கஷ்டமாக இருக்கு, சொல்லு" என்று கேட்டிருப்பார். மகனும் தன் நண்பர்களை விட்டுவிட்டு வந்த கவலையைச் சொல்லியிருப்பான். பற்றை வெட்டும் வேலை அப்படியேதான் இருக்கும், ஆனால் வெட்டுவதற்கு இரண்டு பேர் இருந்திருப்பார்கள்.

வேலையிடத்தில்

பங்குக் கிணறு இறைக்கும்போதும், எல்லைக் கல்லைத் தேடும்போதும், கடலால் வந்து மீனைப் பங்கிடும்போதும் வாய்த்தர்க்கம் எழுவது வழக்கம். சங்கக் கூட்டம் தொடங்குமுன் எல்லோரும் இரண்டு நிமிடம் அமைதியாக இருந்து பாருங்கள். ஒருவர் சொல்லி முடிக்கும்வரை மற்றவர் கேட்க வேண்டும் என்றும் முடிவெடுங்கள். எல்லைப் பிரச்சினையை மூச்சுப் பயிற்சி தீர்க்காது. அதற்குக் கிராம அலுவலரும் பிரதேச செயலகமும் மத்தியஸ்த சபையும் இருக்கின்றன. ஆனால் அயலவரைப் பகைக்காமல் அங்கே போகப் பயிற்சி உதவும்.

கவனிக்க வேண்டியவை

பயிற்சியின்போது பழைய காட்சிகள் வந்து நடுக்கம் ஏற்பட்டால் உடனே நிறுத்துங்கள். கண்ணைத் திறந்து, பாதத்தை நிலத்தில் ஊன்றி, சுற்றியுள்ள ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லுங்கள். மீண்டும் தனியே செய்யாமல் உளவளத்துணையாளரோடு கதையுங்கள்.

நித்திரை இல்லாமை, உயிரை மாய்க்கும் எண்ணம், குடியை நிறுத்த முடியாமை ஆகியவற்றுக்கு வைத்தியசாலையின் மனநலப் பிரிவை நாடுங்கள். 1926 என்ற தொலைபேசி இலக்கத்திலும் உதவி பெறலாம்.

அடி வாங்கும் பெண்ணிடம் "தியானம் செய், பொறுத்துப்போ" என்று ஒருவரும் சொல்லக்கூடாது. அவருக்குத் தேவை பாதுகாப்பு. பெண்கள் உதவிக்கு 1938, சிறுவர் பாதுகாப்புக்கு 1929.

குழுவாகக் கலந்துரையாட

• கோபம் ஏறும்போது உங்கள் உடலில் முதலில் எங்கே தெரிகிறது?
• திரும்பி வந்த பின் உங்கள் பிள்ளை எதைப் பற்றி அதிகம் கவலைப்படுகிறது? அதை அவரிடமே கேட்டீர்களா?
• அடுத்த இரண்டு வாரம் நாளுக்கு 10 நிமிடம் எப்போது ஒதுக்கப் போகிறீர்கள்?

இரண்டு வாரத்தின் பின் வீட்டாரிடம், "என்னிலை ஏதும் மாற்றம் தெரியுதோ?" என்று கேட்டுப் பாருங்கள். அவர்களே சரியாகச் சொல்வார்கள்.