நோயுற்ற நாயும் அலுவலகப் பிரயாணமும்

கேள்வி: எங்கள் நாய் சில நாட்களாக உணவைத் தொடாமல் சுருண்டு கிடக்கிறது; காரணம் விளங்கவில்லை. அடுத்த வாரம் அலுவலக நிமித்தம் நான் டில்லி செல்ல வேண்டும். என்ன செய்வது? (ஒரு வாசகி, சென்னை)

பதில்: பிரயாண யோசனைக்கு முன், இன்றே அதன் உதட்டை மெல்ல விலக்கி ஈறைப் பாருங்கள்; இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு வெளுத்து, காதுமடலின் உட்புறத்திலோ விரலிடுக்கிலோ உண்ணிகள் ஒட்டியிருக்குமானால், நம் உஷ்ணப் பிரதேசத்தில் சர்வசாதாரணமான உண்ணிக் காய்ச்சலோ என்று சந்தேகிக்க இடமுண்டு. அதை உண்டாக்கும் எர்லிக்கியா என்னும் கிருமி ரத்தத்தின் தட்டணுக்களைக் குறைத்துவிடுவதால் மூக்கில் ரத்தம் கசிவதும் உண்டு. ஆயினும் ரத்தப் பரிசோதனையின்றி எதையும் நிச்சயிக்கலாகாது. 1903-இல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி உங்கள் ஊரிலேயே இருக்கிறது. நாய்க்கு 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இயல்பான உஷ்ணமே என்பதை அறியாமல், தொட்டுப் பார்த்துப் பதறி, மனிதருக்கான காய்ச்சல் மாத்திரையைப் புகட்டிவிடாதீர்கள். அது விஷமாகவே முடியலாம்.

நோய் இன்னதென்று தெரியும்வரை பிரயாணத்தைத் தள்ளிப்போடுங்கள் என்பதே என் அபிப்பிராயம்; மேலதிகாரியிடம் உண்மையைச் சொல்வதில் இழுக்கொன்றுமில்லை. அது இயலாதெனில், நாய்க்கு ஏற்கெனவே பழக்கமான ஒருவரை உங்கள் வீட்டிலேயே தங்கச் செய்து, மருந்துச் சீட்டையும், அவசர சிகிச்சைக்குச் சம்மதம் தரும் கடிதத்தையும், பணத்தையும் ஒப்படைத்துச் செல்லுங்கள். டாக்டர் டாக்ஸிசைக்ளின் கொடுத்தால், அதைச் சுமார் 4 வாரங்கள் இடைவிடாது தர வேண்டியிருக்கும். நாலாம் நாளே வாலை ஆட்டிக்கொண்டு எழுந்துவிட்டதே என்று நிறுத்திவிடலாகாது என வீட்டில் தங்குபவரிடம் வற்புறுத்திச் சொல்லுங்கள்.